புகையானுக்கு வரப்பு தெரியாது

நெல் வைக்கிற யாரிடமும் போய்ப் புகையான் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். நேற்று வரை பச்சையாக நின்ற வயலில் இன்றைக்கு ஒரு வட்டம் காய்ந்திருக்கும். நாலு நாளில் வட்டம் பத்தாகும். தூரத்தில் இருந்து பார்த்தால் யாரோ அங்கங்கே தீ வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். தூரைப் பிரித்தால் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பழுப்பாக அப்பிக்கொண்டு இருக்கும். துறைக்காரர்கள் பழுப்புத் தத்துப்பூச்சி என்று எழுதுகிறார்கள். நம்ம ஊர்ப் பெயர்தான் பொருத்தம்.

1970களில் இந்தப் பூச்சி ஆசியாவின் நெல் நாடுகளை எல்லாம் ஆட்டி வைத்தது. அதில் ஒரு சின்னத் தீவில் நடந்ததை இந்த மாதம் விவரமாக எழுதலாம் என்று நினைக்கிறேன். இந்தோனேசியாவின் பாலித் தீவு. ஏன் அந்த ஊர் என்று கேட்பீர்கள். "பாரம்பரிய அறிவு" என்ற வார்த்தையை நம்ம இயக்கத்தில் தினமும் சொல்கிறோம், மேடையில் சொன்னால் கைதட்டும் கிடைக்கிறது. ஆனால் அந்த அறிவு எப்படி வேலை செய்கிறது, எந்த அளவுக்கு வேலை செய்கிறது, யாராவது அளந்து பார்த்தார்களா என்று படித்த பையன் ஒருத்தன் எழுந்து கேட்டால் பாதிப் பேர் நழுவிவிடுகிறோம். பாலியில் அளந்து பார்த்திருக்கிறார்கள். அதுவும் கும்பிடுவதற்காக அளக்கவில்லை, சந்தேகத்தோடு அளந்தார்கள்.

தீர்த்தம் பிரிக்கும் கோயில்கள்

பாலி மொத்தமே சுமார் 5,800 சதுர கிலோமீட்டர். நடுவில் எரிமலைகள். எரிமலை வாயில் தேங்கிய ஏரிகள். அதில் பெரியது பாத்தூர் ஏரி. மலையில் இருந்து இறங்கும் ஆறுகள் ஆழமான பள்ளத்தில் ஓடுகின்றன, அதனால் ஆற்றங்கரையில் நின்று கை நீட்டினால் தண்ணீர் எட்டாது. மேலே ஒரு இடத்தில் அணை கட்டி, பாறையைக் குடைந்து சுரங்கக் கால்வாய் வெட்டித்தான் வயலுக்குக் கொண்டுவர வேண்டும். நூற்றாண்டுகளுக்கு முன்பே, கையால், குடைந்திருக்கிறார்கள்.

ஒரு வாய்க்காலில் பாயும் உழவர்களின் கூட்டத்துக்கு சுபாக் என்று பெயர். 11ஆம் நூற்றாண்டுச் சாசனங்களிலேயே இந்தச் சொல்லின் பழைய வடிவம் இருக்கிறது. ஒரு நீர்மூலத்தை நம்பி 50 முதல் 400 உழவர்கள் வரை ஒரு சுபாக்கில் இருப்பார்கள். தீவு முழுக்க ஏறக்குறைய 1,200 சுபாக். தலைவருக்குப் பெகாசே என்று பெயர். சாதி உயர்ந்தவரோ தாழ்ந்தவரோ, நிலம் பெரிசோ சிறிசோ, கூட்டத்தில் ஒரு ஆளுக்கு ஒரு குரல். வராதவனுக்கு, வாய்க்கால் வெட்ட ஆள் அனுப்பாதவனுக்கு அபராதம் உண்டு. நம்ம குடிமராமத்து மாதிரிதான்.

தண்ணீர் பிரிக்க அங்கே மதகு, ஷட்டர், பூட்டு, சாவி எதுவும் கிடையாது. வாய்க்காலின் குறுக்கே ஒரு மரக்கட்டை. அதில் பங்குக்குத் தகுந்த அகலத்தில் வாய் வெட்டியிருப்பார்கள். நிறைய வந்தாலும் குறைய வந்தாலும் அதே விகிதத்தில் தானாகப் பிரியும். லஸ்கரும் வேண்டாம், லஞ்சமும் வேண்டாம். போகிற வருகிற யார் வேண்டுமானாலும் பார்த்து, சரியாகத்தான் பாய்கிறதா என்று சொல்லிவிடலாம்.

இதற்கு மேலேதான் கோயில் வருகிறது. வயல் மூலையில் ஒரு சின்ன மேடை. சுபாக்குக்கு ஒரு கோயில். அணைக்கு ஒரு கோயில். பக்கத்துப் பக்கத்துச் சுபாக்குகள் பல சேர்ந்து கும்பிடுகிற பெரிய கோயில் ஒன்று, அதற்கு மசெத்தி என்று பெயர். எல்லாவற்றுக்கும் மேலே எரிமலை விளிம்பில் பாத்தூர் ஏரியின் தேவி தனுவுக்கான கோயில். பழைய கோயில் ஏரிக்கரையில் இருந்தது. 1926இல் எரிமலை வெடித்து அழிந்த பிறகு மேட்டுக்குக் கொண்டுவந்து கட்டினார்கள். ஏரித் தண்ணீர் தேவியுடையது, அதனால் புதிய வாய்க்கால் வெட்டவோ தகராறு தீர்க்கவோ அங்கே போய்க் கேட்பார்கள். புனித நீருக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை "தீர்த்தா". நம்ம தீர்த்தம்தான். கடல் கடந்து போயும் சொல் தேயவில்லை.

மசெத்திக் கோயிலில் சுபாக் தலைவர்கள் கூடும்போது பூசை மட்டும் நடப்பதில்லை. இந்தப் போகம் யார் எப்போது நடுவது, எப்போது வயலைக் காயப்போடுவது என்பதும் அங்கேதான் முடிவாகும். 210 நாள் சுற்று கொண்ட பஞ்சாங்கம் ஒன்று வைத்திருக்கிறார்கள். தண்ணீர் திறப்பு, நாற்று, நடவு, கதிர், அறுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சடங்கு. நாம் பார்த்தால் சடங்கு, அவர்களுக்கு அது வேலை அட்டவணையும்தான். அறுப்பு முடிந்ததும் நூற்றுக்கணக்கான ஏக்கர் ஒரே சமயத்தில் தரிசாகக் கிடக்கும், தண்ணீர் கட்டி வாத்து விடுவார்கள். எங்கள் பக்கத்தில் அறுப்புக்குப் பிறகு ஆற்காட்டு வாத்துக்காரர்கள் பட்டி போட்டு மேய்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பொட்டலம் வந்தது

1970களின் தொடக்கத்தில் இந்தோனேசியா அரிசிக்கு வெளிநாட்டை நம்பியிருந்த நாடு. பசுமைப் புரட்சியைப் பாலிக்கும் கொண்டுவந்தார்கள். ஐ.ஆர்.8 விதை, யூரியா, பாஸ்பேட், பூச்சிமருந்து எல்லாம் ஒரே பொட்டலமாக. கையில் காசு இல்லாதவனுக்கு அரசு வங்கி கடன். நான் முப்பது வருஷத்துக்கு மேல் பேங்கில் உட்கார்ந்திருந்தவன், இதைப் படிக்கும்போது வேற்று நாட்டுக் கதையாகவே தெரியவில்லை. நம்ம கூட்டுறவுப் பயிர்க்கடனிலும் ரொக்கம் ஒரு பகுதி, உரமாக ஒரு பகுதி என்று உண்டே, அதே அமைப்பு.

கூடவே ஒரு உத்தரவும் வந்தது. கோயில் அட்டவணையை விடுங்கள், வருஷத்துக்கு எத்தனை போகம் முடியுமோ அத்தனையும் போடுங்கள், நிலத்தைச் சும்மா விடாதீர்கள் என்று. பழைய நாட்டு ரகங்களை ஒதுக்கச் சொன்னார்கள். அவசரத்தில் ஒவ்வொருவரும் தனக்கு வசதியான நாளில் நட்டார்கள்.

முதல் இரண்டு மூன்று வருஷம் விளைச்சல் ஏறியது. அதை மறைக்கக் கூடாது. பிறகு புகையான் வந்தது. ஐ.ஆர்.8 தாங்கவில்லை. புகையானைத் தாங்கும் ஐ.ஆர்.36 கொடுத்தார்கள். அதற்கு டுங்ரோ வந்தது, பச்சைத் தத்துப்பூச்சி பரப்புகிற நச்சுயிரி நோய். டுங்ரோவைத் தாங்கும் இன்னொரு ரகம் கொடுத்தார்கள், அதற்குச் செம்புள்ளி நோய். ஓட்டப்பந்தயத்தில் பூச்சி எப்போதும் ஒரு அடி முன்னாலேயே இருந்தது. எலி வேறு. வருஷம் முழுக்க எங்கோ ஒரு வயலில் கதிர் இருந்தால் எலிக்கு என்ன குறை?

இதற்கு நடுவே 1979இல் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனில் பெரிய பாசனத் திட்டம் ஒன்று தொடங்கியது. பல கோடி டாலர். வெளிநாட்டு ஆலோசகர்கள் வந்து அணைகளை நவீனமாக்கினார்கள். நீர்க்கோயில்களை அவர்கள் மதச் சமாச்சாரமாகவே பார்த்தார்கள், திட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். உழவர்களோ, கோயிலில் கூடி நாள் குறிப்பதைத் திரும்ப எங்களிடம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதைப் பழமைவாதம் என்று ஒதுக்கினார்கள்.

கம்ப்யூட்டரில் நட்ட நெல்

அப்போது பாலியில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஸ்டீபன் லான்சிங் என்ற அமெரிக்க மானிடவியலாளருக்கு ஒரு சந்தேகம். இந்தக் கோயில்கள் சும்மா பூசை இடங்களா, அல்லது ஆற்றுப் படுகையையே நிர்வாகம் செய்கிற அமைப்பா? பேச்சால் நிரூபிக்க முடியாது என்று ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியல் அறிஞரோடு சேர்ந்து ஒரு கணினி மாதிரி செய்தார். ஊஸ், பெத்தானு என்ற இரண்டு ஆறுகள், அவற்றில் பாயும் 172 சுபாக்குகள். மழை, ஆற்றின் ஓட்டம், எந்த அணையில் இருந்து எந்தச் சுபாக்குக்குத் தண்ணீர், பயிர் வளர்ச்சி, பூச்சிப் பெருக்கம், பூச்சி பக்கத்து வயலுக்குப் பரவுவது எல்லாம் உள்ளே போட்டார்கள்.

கேள்வி எளிது. எத்தனை பேர் சேர்ந்து ஒரே நாளில் நட்டால் மொத்த மகசூல் அதிகம்?

172 சுபாக்கும் தனித்தனியாக நட்டால் தண்ணீர்த் தேவை பரவலாகிறது, தட்டுப்பாடு இல்லை. ஆனால் பூச்சிக்கு வருஷம் முழுக்க விருந்து. சரி, எல்லோரும் ஒரே நாளில் நட்டால்? பூச்சி ஒடுங்குகிறது, ஆனால் நடவு மாதத்தில் எல்லோருக்கும் ஒரே சமயம் தண்ணீர் வேண்டும், கடைமடை காய்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு அளவு இருக்கிறது. தரிசாகும் பரப்பு பூச்சி தாண்டிப் போக முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும், தண்ணீர் போதுகிற அளவுக்குச் சிறிதாகவும் இருக்க வேண்டும். மாதிரி சொன்ன அந்த அளவு, கோயில்கள் ஏற்கனவே வைத்திருந்த கூட்டங்களின் அளவோடு பெரிதும் ஒத்துப்போனது.

இதோடு விடவில்லை. அடுத்து, கோயிலே இல்லை என்று வைத்து ஓட்டினார்கள். ஒவ்வொரு சுபாக்கும் வருஷக் கடைசியில் பக்கத்துச் சுபாக்குகளை எட்டிப் பார்க்கும், யாருக்கு நல்ல விளைச்சலோ அவர் நட்ட நாளை அடுத்த வருஷம் தானும் பிடிக்கும். இவ்வளவுதான் விதி. மேலே இருந்து உத்தரவு எதுவும் இல்லை. மாதிரியில் அதிக வருஷம் ஓடும் முன்பே சுபாக்குகள் தானாகக் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தன. அந்தக் கூட்டங்களை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் நிஜக் கோயில் வலைப்பின்னலின் சாயல். எனக்கு இந்த ஆய்விலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். எந்த முனிவரும் ஒரே நாளில் கண்டுபிடித்துக் கொடுத்தது இல்லை. பக்கத்து வயலைப் பார்த்துப் பார்த்துச் செய்தது, பல தலைமுறையில் படிந்தது, பிறகு அதை மறக்காமல் இருக்கக் கோயிலில் கட்டி வைத்தார்கள்.

1980களின் கடைசியில் ஆசிய வளர்ச்சி வங்கியே தன் திட்டத்தை மதிப்பிட்டு, பழைய முறையின் சிறப்பைப் புரிந்துகொள்ளாததற்குக் கொடுத்த விலை அதிகம் என்கிற பொருளில் அறிக்கை எழுதியது. ஒரு வங்கி இப்படி எழுதுவது எவ்வளவு அபூர்வம் என்று எனக்குத் தெரியும். நாள் குறிக்கும் அதிகாரம் கோயில்களுக்குத் திரும்பியது.

எல்லா அறிஞர்களும் லான்சிங் சொன்னதை அப்படியே ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரசர்களின் பங்கைக் குறைத்துச் சொல்கிறார், கோயிலுக்கு அதிகம் கொடுக்கிறார், கணினி மாதிரியில் விடை முன்பே ஒளிந்திருக்கிறது என்றெல்லாம் விமர்சனம் உண்டு. இருக்கட்டும். வயலில் பூச்சி குறைந்தது உண்மை.

மேல்மடைக்காரனுக்கு என்ன லாபம்?

இங்கேதான் எனக்கு நெடுநாள் உறுத்தல். தண்ணீரை முதலில் தொடுகிறவன் மேல்மடைக்காரன். அவன் ஏன் கடைமடைக்கு விடுவான்? நல்லெண்ணமா? ஆயக்கட்டுக் கூட்டம் பார்த்தவர்கள் யாரும் இதை நம்ப மாட்டார்கள்.

லான்சிங் உழவர்களிடமே கேட்டிருக்கிறார், உங்களுக்குப் பெரிய தொல்லை பூச்சியா, தண்ணீர்ப் பற்றாக்குறையா என்று. மேல்மடைக்காரர்கள் பூச்சி என்றார்கள். கடைமடைக்காரர்கள் தண்ணீர் என்றார்கள். இதில்தான் விடை இருக்கிறது. புரிவதற்காக ஒரு கணக்குப் போடுகிறேன், எண்கள் என் கற்பனை.

இரண்டு பேருக்கும் முழு விளைச்சல் 30 மூட்டை என்று வையுங்கள். ஆளுக்கு ஒரு நாளில் நட்டால் பூச்சி இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே தாவிப் பெருகும். இருவருக்கும் 10 மூட்டை போகும். ஆளுக்கு 20. ஒரே நாளில் நட்டால் பூச்சி இல்லை, ஆனால் தண்ணீரை மேலே இருப்பவன் எடுத்துக்கொள்வான். அவனுக்கு 30, கீழே உள்ளவனுக்கு 15. இப்போது கீழே இருப்பவன் என்ன செய்வான்? 15க்கு 20 மேல் என்று தனி நாளில் நடுவான். உடனே மேலே இருப்பவனுக்கும் 30 போய் 20 ஆகிவிடும். அதனால் மேல்மடைக்காரன் யோசிக்கிறான். கொஞ்சம் தண்ணீரை விட்டுக்கொடுத்தால் என் விளைச்சல் 26 ஆகும், கீழே இருப்பவனுக்கு 25 கிடைக்கும், அவனும் என் நாளிலேயே நடுவான். 20க்கு 26 லாபம்.

கடைமடைக்காரன் கையில் தண்ணீர் இல்லை, ஆனால் பூச்சி இருக்கிறது. அதுதான் அவனுடைய பேரம். அந்தப் பேரம் நடக்கிற இடம் கோயில். பூச்சிமருந்து வந்ததும் முதலில் உடைந்தது இந்தப் பேரம்தான் என்று நான் நினைக்கிறேன். டப்பாவில் மருந்து இருக்கும்போது கீழே இருக்கிறவனின் தயவு எனக்கு எதற்கு?

மருந்து ஏன் தோற்றது

புகையானின் வாழ்க்கை ஒரு மாதத்துக்குள் ஒரு சுற்று. நெல்லைத் தவிர வேறு பயிரில் பெருகாது. முட்டையை இலை உறைக்குள்ளே செருகி வைக்கும், தெளிக்கும் மருந்து அங்கே போய்ச் சேராது. மருந்து அடித்த அன்று சாவது யார்? தண்ணீர் மேல் ஓடித் திரியும் ஓநாய்ச் சிலந்தி, புகையான் முட்டையை உறிஞ்சும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி, இந்த மாதிரிக் காவல்காரர்கள். ஒரு வாரம் கழித்து முட்டை பொரிக்கும்போது வயலில் போலீஸ் இல்லை. யூரியா வேறு போட்டு பயிரைச் சாறு நிறைந்ததாக வைத்திருக்கிறோம். பிலிப்பைன்ஸ் வயல்களில் 1970களின் பிற்பகுதியில் பீட்டர் கென்மோர் என்ற பூச்சியியலாளர் இதை எண்ணிக் காட்டினார். மருந்து அடித்த வயலில்தான் புகையான் அதிகம்.

இந்தோனேசியா 1984இல் அரிசியில் தன்னிறைவு அடைந்தது. ஓரிரு வருஷத்தில் புகையான் அந்தப் பெருமையையே விழுங்கப் பார்த்தது. 1986இல் ஜனாதிபதி சுகார்த்தோ ஒரே உத்தரவில் 57 பூச்சிமருந்துகளை நெல்லில் பயன்படுத்தத் தடை போட்டார். மருந்துக்கு அரசு கொடுத்துவந்த மானியம் ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கும் மேல். அதை 1989 ஜனவரிக்குள் அடியோடு நிறுத்தினார்கள். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்போடு சேர்ந்து அதே ஆண்டில் உழவர் வயல்வெளிப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். வாரம் ஒரு நாள் வயலில் இறங்கி எது நண்பன், எது பகைவன் என்று எண்ணி, தாளில் வரைந்து, பேசி முடிவெடுப்பது. நம்ம ஊருக்கும் வந்த அந்தப் பள்ளியின் தாய்வீடு அதுதான். மருந்து குறைந்தது, நெல் குறையவில்லை.

இதில் இன்னொரு கிளைக்கதை. பாலியின் ஆற்று நீரே எரிமலைப் பாறையைக் கரைத்துக்கொண்டு வருகிறது, பாஸ்பரசும் பொட்டாசியமும் அதிலேயே உண்டு. தண்ணீர் பாய்ச்சுவதே உரம் போடுவதுதான். அதற்கு மேலே பொட்டலத்தில் உரம் கொடுத்தார்கள். மிச்சம் எல்லாம் வழிந்து கடலுக்குப் போயிற்று. பவளப்பாறை ஆண்டுக்கு ஆண்டு வளரும்போது அன்றைய கடல் நீரின் தடயத்தைத் தன் எலும்பில் எழுதி வைக்கும். பாலிக் கரைப் பவளத்தை வெட்டிப் பார்த்து, பசுமைப் புரட்சியின் தழைச்சத்து அதில் பதிந்திருப்பதை 2005இல் வெளியிட்டார்கள். வயலில் போட்டது எங்கே போகிறது என்று கேட்பவர்களுக்குப் பவளம் பதில் எழுதி வைத்திருக்கிறது.

பாலி மட்டும்தானா என்றால் இல்லை. பெரு, பொலிவியா மலைகளில் உருளைக்கிழங்கு போடுகிறவர்கள் ஜூன் கடைசியில் விடியற்காலையில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் பார்ப்பார்கள். மங்கலாகத் தெரிந்தால் மழை குறையும் என்று நடவைத் தள்ளிப்போடுவார்கள். எல் நினோ வருஷத்தில் மிக உயரத்தில் மெல்லிய மேகம் படர்வதால் நட்சத்திரம் மங்குகிறது என்று 2000ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் விளக்கம் வந்தது. அவர்கள் பார்த்தது சரி, காரணம் மட்டும் பிறகு வந்தது.

ஆனால் சாமி பெயர் சொன்னாலே எல்லாம் சரி என்று போய்விடக் கூடாது. பாலியில் எலியைக் கூட்டமாகக் கொன்றுவிட்டு அதற்கு மனிதருக்குச் செய்வதுபோலத் தகனச் சடங்கு செய்கிறார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருக்கிறது. எலி குறைவது சடங்கால் அல்ல, ஊரே சேர்ந்து பிடித்ததாலும் எல்லா வயலும் ஒன்றாகக் காய்ந்ததாலும்தான். பூசையை வைத்துக்கொண்டு தரிசு விடுவதை நிறுத்தியிருந்தால் புகையான் பிரசாதம் வாங்கிக்கொண்டு போயிருக்காது.

நம்ம ஆயக்கட்டில்

எங்கள் பக்கம் செய்யாறு, வந்தவாசி வட்டாரம். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம். பட்டம் என்ற சொல்லையே கொஞ்சம் நினையுங்கள், ஊர் முழுக்கச் சேர்ந்து பிடிக்கிற நாள் அது. சித்திரையில் பொன்னேர் பூட்டுவது, ஏரி நிரம்பினால் மதகில் பூசை போட்டுத் திறப்பது, நீர்க்கட்டி முறை வைத்துப் பாய்ச்சுவது எல்லாம் ஊரை ஒரே தாளத்தில் வைத்திருந்தன. பாலி போல அளந்து பார்த்த ஆய்வு நம்ம ஏரிகளுக்கு வேண்டும். விவசாயக் கல்லூரிப் பிள்ளைகள் யாராவது எடுத்தால் நல்லது.

தாளத்தை உடைத்தது எங்கள் ஊரில் பசுமைப் புரட்சியைவிட போர்வெல் என்பது என் கருத்து. கரண்டு இலவசம், மோட்டார் சொந்தம், யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியது இல்லை. இப்போது ஏரிக்கரை மேல் நின்று பார்த்தால் ஒரு வயலில் அறுப்பு, பக்கத்தில் பால் பிடிக்கிறது, அதற்குப் பக்கத்தில் நாற்று. பார்க்க அழகு. புகையானுக்கு அது வருஷம் முழுக்கத் திறந்திருக்கும் ஓட்டல்.

இதில் நம்ம இயற்கை விவசாயிகள் நிலைமைதான் சங்கடம். நாம் மருந்து அடிப்பதில்லை, சிலந்தியைக் காப்பாற்றுகிறோம், எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம் விட்டு நடுகிறோம், தண்ணீரைக் காயவிட்டுக் கட்டுகிறோம். எல்லாம் சரி. பக்கத்து வயலில் மருந்து அடித்து, காவல்காரர்களைக் கொன்று, முப்பது நாள் தள்ளி நட்டிருந்தால் அங்கே பெருகியது சிறகு முளைத்து நம்ம வயலுக்குத்தான் வரும். பூச்சிக்குச் சர்வே நம்பர் தெரியாது. பேங்கில் கடன் ஆளுக்குத்தான், சிட்டா அடங்கல் பார்த்துத்தான். அங்ககச் சான்றிதழும் நிலத்தைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். மானியமும் அப்படியே. பூச்சியின் கணக்கு ஆயக்கட்டு அளவில் ஓடுகிறது, நம்ம காகிதங்கள் எல்லாம் தனி ஆள் அளவில் ஓடுகின்றன. இந்த இரண்டும் பொருந்தாதவரை "நான் மட்டும் இயற்கை" என்பது பாதி வேலைதான்.

நம்மிடமே ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரே ஏக்கரில் ஐந்து பாரம்பரிய ரகம் போட்டுப் படம் எடுத்து அனுப்புவது. ரகம் பலவாக இருப்பது நல்லதுதான், எனக்கும் ஆசை உண்டு. ஆனால் 110 நாள் ரகமும் 160 நாள் ரகமும் கலந்தால் அறுப்பு சேராது, தரிசும் சேராது. கிச்சிலிச் சம்பா, தூயமல்லி, சீரகச் சம்பா என்று வயதில் நெருங்கியவற்றைத் தேர்ந்தெடுத்துப் போட்டால் பன்மையும் இருக்கும், ஒரே சமயத்தில் வயலும் காயும். நடவு நாளைவிட அறுப்பு முடிகிற நாள் முக்கியம் என்பது என் அபிப்பிராயம்.

பாலியும் இப்போது சொர்க்கமாக இல்லை. 2012இல் யுனெஸ்கோ சுமார் 19,500 எக்டேர் சுபாக் நிலத்தை உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. அறிவித்ததும் பேருந்து பேருந்தாக ஆள் வருகிறார்கள். ஓட்டல்களுக்குத் தண்ணீர் போகிறது, வயல் வில்லாவாகிறது, பிள்ளைகள் ஓட்டல் வேலைக்குப் போகிறார்கள். நடுவில் ஒரு வயல் மனையானால் வாய்க்கால் உடையும், வாய்க்கால் உடைந்தால் கீழே உள்ளவன் பேரத்துக்கு வர மாட்டான்.

எங்கள் ஏரிப் பாசனத்தில் இந்தச் சம்பாவுக்கு ஒரு முயற்சி நடக்கிறது. ஒரே வாய்க்காலில் பாயும் பதினேழு பேர். இயற்கை விவசாயம் செய்வது நாங்கள் ஆறு பேர்தான், மற்றவர்கள் மருந்து அடிப்பவர்கள். அவர்களிடம் நாங்கள் இயற்கைக்கு மாறச் சொல்லவில்லை. பத்து நாளுக்குள் எல்லோரும் நட வேண்டும், அறுத்த பிறகு ஒரு மாதம் யாரும் நெல் வைக்கக் கூடாது, உளுந்து போட்டுக்கொள்ளலாம், இவ்வளவுதான் கேட்டோம். "சாமி கும்பிட்டா பூச்சி போயிடுமா மேனேஜர் சார்?" என்று ஒருத்தர் கிண்டல் செய்தார். மேலே எழுதிய 30 மூட்டைக் கணக்கை சுண்ணாம்புக் கட்டியால் பஜனைக் கோயில் தரையில் போட்டுக் காட்டினேன். பழைய நீர்க்கட்டிப் பெரியவர் ஒருவர், எண்பது வயது இருக்கும், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதைத்தானேப்பா அந்தக் காலத்துல வாயாலே பண்ணினோம்" என்றார்.

பதினோரு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். போர்வெல் வைத்திருக்கும் நாலு பேர் ஒரு மாதத் தரிசுக்குத் தயங்குகிறார்கள். நவரை தள்ளிப்போகும், கோடை வெயிலில் மாட்டிக்கொள்ளும் என்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. தரிசை இருபது நாளாகக் குறைக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். மீதி இரண்டு பேர் வெளியூர், குத்தகைக்காரரிடம் கேட்க வேண்டும். அடுத்த கூட்டம் ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை. உங்கள் ஊரில் இப்படிச் சேர்ந்து நாள் வைத்து நட்டுப் பார்த்தவர்கள் இருந்தால், எத்தனை ஏக்கர், எத்தனை நாள் இடைவெளி, புகையான் எப்படி இருந்தது என்று இதழுக்கு எழுதுங்கள்.